பெருமாள் குடிபெயர்ந்த ஊர்

சென்னையைச் சுற்றிப் பார்க்க வரும் உறவினர்கள் எல்லோரிடமும் கிட்டத்தட்ட ஒரே பட்டியல்தான் இருக்கிறது. மெரினா, கபாலீசுவரர் கோயில், சாந்தோம், எழும்பூர் அருங்காட்சியகம், புனித ஜார்ஜ் கோட்டை. நேரம் மிஞ்சினால் விவேகானந்தர் இல்லம். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் பார்க்க வேண்டிய இடம்தான், சந்தேகமில்லை. ஆனால் பெங்களூரில் வளர்ந்த என் அக்கா மகள் இந்தப் பட்டியலோடு வந்து, கோட்டையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து நின்றபோது ஒரு கேள்வி கேட்டாள். அன்றிலிருந்து இந்தப் பட்டியலை என்னால் பழையபடி ஏற்றுக்கொள்ள முடியவில்லை. “கோட்டைக்குள் வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள், சரி. நம்மவர்கள் எங்கே இருந்தார்கள், சித்தி?” வடக்கே தெரிந்த உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரங்களைக் காட்டி, “அங்கே” என்றேன். “நீதிமன்றத்திலா?” “நீதிமன்றத்துக்குக் கீழே.”

அவள் நம்பவில்லை. நம்புவதற்கு அங்கே எதுவும் இல்லை என்பதுதான் பிரச்சினை. ஒரு பலகை இல்லை, வரைபடம் இல்லை, இடிந்த சுவர்த் துண்டு ஒன்று கூட இல்லை. ஒரு நகரத்தின் முதல் குடியிருப்பு முழுதாக மறைந்துபோன இடத்தில் வழக்கறிஞர்களின் கார்கள் நிற்கின்றன. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 22ஆம் தேதி சென்னை தினம் கொண்டாடுகிறோம். கண்காட்சிகள், நடைப் பயணங்கள், சொற்பொழிவுகள் என்று ஊர் களைகட்டுகிறது. 1639இல் அந்த நாளில் தொடங்கியதாகச் சொல்லப்படும் ஊரின் மக்கள் முதலில் எந்தத் தெருவில் குடியிருந்தார்கள் என்று கேட்டால் பத்துப் பேரில் ஒருவருக்காவது தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

(மயிலையும் திருவல்லிக்கேணியும் திருவொற்றியூரும் 1639க்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தேவாரத்திலும் பாசுரங்களிலும் இடம்பெற்ற ஊர்கள். ஊரின் வயதைப் பற்றிய வழக்கு தனி. நான் பேசுவது சென்னப்பட்டணம் என்று பெயர் பெற்ற அந்தச் சிறிய ஊரைப் பற்றி மட்டும்.)

தேவாலய முற்றத்துக் கற்கள்

கோட்டைக்குள் எனக்கு மிகவும் பிடித்த இடம் புனித மேரி தேவாலயம். 1680இல் திறக்கப்பட்டது. சூயஸுக்குக் கிழக்கே மிகப் பழைய ஆங்கிலிக்கன் தேவாலயம் என்பார்கள். பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கும்படி கூரையை வளைவாக, மிகத் தடிமனாகக் கட்டியிருக்கிறார்கள். ராபர்ட் கிளைவின் திருமணம் 1753இல் இங்கேதான் நடந்தது. வழிகாட்டிகள் இதையெல்லாம் சொல்வார்கள். அவர்கள் அதிகம் நிற்காமல் கடந்துபோவது தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பதிக்கப்பட்டிருக்கும் கல்லறைக் கற்களை. லத்தீன், போர்த்துகீசியம், அர்மீனியம், ஆங்கிலம் எனப் பல மொழிகளில் எழுத்துகள் வெட்டப்பட்ட பெரிய கற்கள். 1652இல் இறந்த எலிசபெத் பேக்கரின் கல் இவற்றில் ஒன்று. இந்தியாவில் உள்ள ஆங்கிலேயர் கல்லறைக் கற்களில் மிகப் பழையதாக அதைச் சொல்கிறார்கள்.

இந்தக் கற்கள் இங்கே பிறந்தவை அல்ல. இன்று உயர் நீதிமன்றமும் பழைய சட்டக் கல்லூரியும் இருக்கும் பகுதியில்தான் ஆங்கிலேயரின் முதல் இடுகாடு இருந்தது. 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டபோது அந்த இடுகாட்டின் உயரமான கல்லறைகள் பிரெஞ்சு வீரர்களுக்கு மறைவிடமாகப் பயன்பட்டன. 1759 பிப்ரவரியில் முற்றுகை முடிந்த பிறகு கல்லறைகளை இடித்து, பெயர் எழுதிய கற்களை மட்டும் எடுத்து வந்து தேவாலயத்தைச் சுற்றிப் பதித்துவிட்டார்கள். எலிஹு யேலின் மகன் டேவிட்டும் ஜோசப் ஹின்மர்ஸும் அடக்கம் செய்யப்பட்ட கூம்பு வடிவக் கல்லறை தப்பித்து சட்டக் கல்லூரி வளாகத்திலேயே நிற்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்த அதே யேல்தான் இவர், 1687 முதல் 1692 வரை இங்கே ஆளுநர்.

அக்கா மகளுக்கு நான் சொன்னது இதைத்தான்: போர் வந்தது, ஆங்கிலேயர்கள் தங்கள் கல்லறைகளையே இடிக்க வேண்டியதாயிற்று, ஆனாலும் பெயர்கள் வெட்டிய கற்களை விட்டுவிட மனம் வரவில்லை, தூக்கிக்கொண்டு வந்து பத்திரப்படுத்தினார்கள். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். அதே நிலத்தில், அதே காரணத்துக்காக இடிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான வீடுகளின் மக்களுடைய பெயர்கள் ஒரு கல்லிலும் இல்லை.

எதிரே இருந்த ஊர்

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களான பிரான்சிஸ் டேயும் ஆண்ட்ரூ கோகனும் கடலோரத்தில் இடம் பிடித்தபோது அவர்களுக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்தவர் பேரி திம்மப்பா. நிலத்தைக் கொடுத்தது தாமர்லா வெங்கடாத்ரி நாயக்கர். அவருடைய தந்தை சென்னப்பர் பெயரால்தான் ஊருக்குப் பெயர் என்பது பலரும் அறிந்த கதை. கோட்டை எழுந்த கையோடு அதன் வடக்குச் சுவரை ஒட்டி நெசவாளர்களும் சாயக்காரர்களும் வணிகர்களும் குடியேறினார்கள். தெலுங்கும் தமிழும் பேசிய ஊர் அது. துணி வாங்கத்தானே கம்பெனி இங்கே வந்தது. அந்தத் துணியை நெய்தவர்களும், சாயம் தோய்த்தவர்களும், தரகு பேசியவர்களும், கப்பலுக்குச் சுமந்தவர்களும் இல்லாமல் கோட்டைக்கு ஒரு நாள் கூட வேலை இல்லை. அந்த ஊருக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் கறுப்பர் நகரம். ஊரின் நடுவே சென்னக் கேசவப் பெருமாளுக்கு ஒரு கோயில். 1640களிலேயே அது இருந்ததைக் கம்பெனிக்கு வெடிமருந்து செய்து கொடுத்த நாகபட்டனின் ஆவணம் சொல்கிறது. ஆளுநர் தாமஸ் பிட் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தயாரிக்கச் செய்த நகர வரைபடத்தைப் பார்த்தால் தெருக்கள் நெருக்கமாக, ஒழுங்காக ஓடுகின்றன.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். கோட்டைச் சுவரை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரி அவற்றில் பதுங்கி நெருங்கிவிடலாம். ஆகவே சுவருக்கு அருகே இருந்த பகுதியை அவர்கள் இடித்தார்கள். 1749இல் ஊர் மறுபடி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அவர்களுக்கும் அதே கணக்குதான் சரி என்று பட்டது. மிச்சம் இருந்ததையும் படிப்படியாக இடித்தார்கள். 1757இல் பெருமாள் கோயிலும் போயிற்று. பீரங்கிக்குத் தடையில்லாத வெட்டவெளி வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பகை நாடுகள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது இந்த ஊரை இடிப்பதில்தான் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. எவருடைய போரோ அது. கடலுக்கு அப்பால் ஆஸ்திரிய அரியணைக்கு யார் வாரிசு என்ற சண்டையில் தொடங்கியது. வீடு போனது இங்கே தறி போட்டிருந்தவனுக்கு.

வெட்டவெளியின் எல்லை எது என்பதில் சந்தேகம் வரக்கூடாது என்று 1773இல் ஆறு தூண்களை நட்டார்கள். தூணுக்குத் தெற்கே யாரும் வீடு கட்டக்கூடாது. ஆறில் ஐந்து போய்விட்டன. ஒன்று மட்டும் பாரிமுனையில், டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரத்தில் நிற்கிறது. பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் அதைத் தாண்டித்தான் ஓடுகிறார்கள். சென்னையைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் நிற்க வேண்டிய இடம் இதுதான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. தூணுக்கு முதுகைக் காட்டித் தெற்கே பார்த்தால் கண்ணில் படும் நிலமெல்லாம் முதல் சென்னை. வடக்கே திரும்பினால் அங்கிருந்து துரத்தப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்த ஊர், இன்றைய ஜார்ஜ் டவுன். கோட்டையிலிருந்து தொடங்கினால் இது புரியாது. கோட்டைச் சுவரிலிருந்து பார்த்தால் எதிரே எப்போதும் வெட்டவெளிதான் இருந்ததாகத் தோன்றும்.

அந்த வெட்டவெளியில்தான் உயர் நீதிமன்றம் 1892இல் எழுந்தது. ஹென்றி இர்வின் கட்டி முடித்த இந்தோ-சாரசெனிக் மாளிகை. வண்ணக் கண்ணாடிகளும், ஓவியம் தீட்டிய கூரைகளும், எங்கே முடிகிறது என்று தெரியாத நடைகளுமாக, இந்த நகரத்தின் மிக அழகான கட்டடம் அது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 1894இல் அதன் உச்சியில் கலங்கரை விளக்கம் ஏற்றினார்கள். அதற்கு முன்பு கப்பல்களுக்கு வழிகாட்டிய 1844ஆம் ஆண்டுத் தூண் இன்னும் வளாகத்தில் நிற்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் வீசிய குண்டின் நினைவாகச் சுற்றுச்சுவரில் ஒரு கல்வெட்டு பதித்திருக்கிறார்கள். ஒரே ஒரு இரவில், சில நிமிடங்கள் நீடித்த தாக்குதலுக்குக் கல்வெட்டு உண்டு.

இந்த வளாகத்துக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு நாள், பெரும்பாலும் நவம்பர் கடைசியில் ஒரு வார இறுதியில், எல்லா வாயில்களையும் 24 மணி நேரம் பூட்டிவிடுவார்கள். வழக்கறிஞர்கள் உட்பட யாருக்கும் அனுமதி இல்லை. ஜார்ஜ் டவுன் மக்கள் கடற்கரைப் பக்கம் போக இந்த வளாகத்தைக் குறுக்குப் பாதையாகப் பயன்படுத்தி வந்தார்கள். தடையில்லாமல் பல ஆண்டுகள் நடந்தால் வழியுரிமை என்று எவரும் கோரிவிடலாம். ஆகவே ஒரு நாள் பூட்டி, இது பொதுப் பாதை இல்லை என்று நிலைநாட்டுகிறார்கள். சட்டப்படி இது சரியான ஏற்பாடு. ஆனால் அங்கே குறுக்கே நடந்தவர்களில் சிலருடைய கொள்ளுப்பாட்டன்கள் அதே மண்ணில் திண்ணை வைத்து வாழ்ந்தவர்களாக இருந்திருப்பார்கள். வீடு இருந்த இடத்தில் நடக்கும் உரிமை கூட அவர்களுக்கு எழுதிவைக்கப்படவில்லை.

பூக்கடையில்

தூணைப் பார்த்த பிறகு அக்கா மகளைப் பூக்கடைக்கு அழைத்துப் போனேன். தேவராஜ முதலி தெருவில் வளையல்களும் முகம் பார்க்கும் கண்ணாடிகளும் பிளாஸ்டிக் பூக்களும் தொங்கும் கடைகளுக்கு நடுவே, தெரிந்தவர்களுக்கு மட்டுமே வாசல் புலப்படும் இரட்டைக் கோயில்கள் இருக்கின்றன. ஒன்று சென்னக் கேசவப் பெருமாள், பக்கத்தில் சென்ன மல்லீசுவரர். இடித்த கோயிலுக்கு ஈடாகக் கம்பெனி இங்கே நிலம் கொடுத்தது. ஆளுநர் பிகட்டின் துபாஷ் மணலி முத்துகிருஷ்ண முதலியார் பெரும் பொருள் கொடுத்து முன்னின்று கட்டினார். ஊர் மக்களும் கொடுத்தார்கள். ஒரு கோயில் போனது, இரண்டு கோயில்கள் எழுந்தன.

மண்டபத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் நாங்கள் தூண்களை நிமிர்ந்து நிமிர்ந்து பார்ப்பதைக் கவனித்துவிட்டு, எந்த ஊர் என்று விசாரித்தார். பிறகு அவராகவே சொன்னார். “இவர் இந்தத் தெருக்காரர் இல்லை, அம்மா. கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர். அங்கே இடித்துவிட்டார்கள். எல்லோரும் இந்தப் பக்கம் வந்தோம், இவரும் எங்களோடு வந்துவிட்டார்.” சொன்ன விதத்தில் வருத்தமோ வீறாப்போ இல்லை. போன ஆண்டு வீடு மாறியதைச் சொல்வதுபோல் இருந்தது. “வந்தோம்” என்றார். 260 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

அக்கா மகள் அதற்குப் பிறகு சந்தேகமே கேட்கவில்லை. நான் கோட்டை வாசலில் நின்று ஆண்டுகளும் பெயர்களுமாகச் சொன்னது எதுவும் செய்யாததை அந்தச் சில வாக்கியங்கள் செய்துவிட்டன. எனக்கும் அதுவரை ஒரு பக்கம்தான் தெரிந்திருந்தது. இடிக்கப்பட்டது, துரத்தப்பட்டார்கள், மறக்கப்பட்டார்கள் என்று அழிவின் கதையாகவே அதை மனதில் வைத்திருந்தேன். பெரியவர் சொன்னது வந்து சேர்ந்தவர்களின் கதை. அவர்கள் போகும்போது தெய்வத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள், தொழிலைத் தூக்கிக்கொண்டு போனார்கள், புது இடத்தில் மறுபடி தெரு போட்டார்கள். இன்றைக்கும் ஜார்ஜ் டவுனில் தெருவுக்கு ஒரு சரக்கு என்ற ஒழுங்கு இருக்கிறது. கோடவுன் தெருவில் துணி, ஆண்டர்சன் தெருவில் காகிதம், நயினியப்ப நாயக்கன் தெருவில் ரசாயனம். இதையெல்லாம் திட்டமிட்டுக் கொடுத்த ஆட்சியாளர் எவரும் இல்லை.

தம்புச் செட்டித் தெருவில் உள்ள காளிகாம்பாளும் கோட்டைப் பக்கத்திலிருந்து இடம் மாறி வந்தவள் என்றுதான் தலவரலாறு சொல்கிறது. கோட்டையம்மன் என்றே அவளைக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. 1677இல் சத்ரபதி சிவாஜி வந்து வணங்கியதாகவும், சுதேசமித்திரனில் வேலை பார்த்த காலத்தில் பாரதியார் அடிக்கடி வந்ததாகவும் கோயிலில் பெருமையோடு சொல்வார்கள். அடுத்த தெருக்களில் ஒன்றில் கந்தகோட்டம். சிறுவனாக இருந்தபோதே வள்ளலார் பாடிய முருகன் சந்நிதி. அவர் வளர்ந்தது ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில். இந்த இடங்கள் சுற்றுலாப் பட்டியல்களில் கடைசி வரிக்குக் கூட வருவதில்லை. அங்கே போக டிக்கெட் இல்லை, கார் நிறுத்த இடம் இல்லை, படம் எடுக்கத் தூரமாக நின்று பார்க்கும் வசதி இல்லை. பக்தர்களுக்கு இவை எதுவும் தேவைப்படாததால் அப்படியே இருக்கின்றன.

அர்மீனியன் தெருவில் உள்ள அர்மீனிய தேவாலயமும் இதே இடப்பெயர்ச்சியின் ஒரு பகுதிதான். 1712இல் வேறு இடத்தில் எழுந்தது, 1772இல் இந்த இடத்தில் கட்டினார்கள். கதவைத் திறந்து உள்ளே போனால் தெருவின் இரைச்சல் குறைந்து, கல்லறைக் கற்கள் பதித்த முற்றமும், ஆறு பெரிய மணிகள் தொங்கும் தனி மணிக்கூண்டும் இருக்கின்றன. உலகின் முதல் அர்மீனியப் பத்திரிகை 1794இல் வெளிவந்தது இந்தச் சென்னையிலிருந்துதான். அதை நடத்திய பாதிரியார் ஷ்மவோனியனின் கல்லறை இந்த முற்றத்தில் இருக்கிறது. இன்று வழிபட அர்மீனியர்கள் ஏறக்குறைய இல்லை. சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் பாலம் கட்டிக் கொடுத்ததும், பரங்கிமலைக்குப் படிகள் போட்டுக் கொடுத்ததும் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர். அவர் எல்லோரும் நடக்க வழி போட்டவர். அவருக்கு இந்த ஊர் ஒரு சிலை கூட வைக்கவில்லை.

எழும்பூரைப் பற்றி ஒரு வார்த்தை

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் போனோம். 1851இல் தொடங்கியது. அங்கே உள்ள சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பார்க்காமல் யாரும் சென்னையை விட்டுப் போகக்கூடாது என்பது என் கட்சி. திருவாலங்காட்டு நடராசரின் புகைப்படங்களைப் பார்த்துத்தான் பிரெஞ்சுச் சிற்பி ரோடான் பரவசமாக எழுதினார். ஆனால் அன்று என் மனம் வேறு கணக்கில் ஓடியது. இந்தத் திருமேனிகளில் பல, படையெடுப்புக்கு அஞ்சி யாரோ மண்ணில் புதைத்துவைத்து, பல நூற்றாண்டுகள் கழித்து உழும்போதோ கட்டடத்துக்குத் தோண்டும்போதோ கிடைத்தவை. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் வழியாக இங்கே வந்து சேர்ந்தன. நாகப்பட்டினத்துப் புத்தர் திருமேனிகள் 350க்கும் மேல் அப்படித்தான் வெளிவந்தன. ஆந்திரத்து அமராவதி பௌத்தத் தூபியின் சிற்பக் கற்கள் வெளியில் நின்றவை. அவற்றில் ஒரு பகுதி இங்கே, ஒரு பெரும் பகுதி 1859இல் கப்பலேறி லண்டனில். புதைத்தது தப்பியது, வெளியே நின்றது சிதறியது. கறுப்பர் நகரத்தில் புதைத்துவைக்க நேரம் இருந்ததா என்று தெரியவில்லை. நீதிமன்ற வளாகத்தில் ஒரு பகுதியையாவது முறையாக அகழ்ந்து பார்த்தால் என்ன கிடைக்கும் என்ற ஆசை எனக்கு விடவே மாட்டேன் என்கிறது.

எப்படிப் போவது

ஞாயிற்றுக்கிழமை காலை போங்கள். கடைகள் மூடியிருக்கும், தெருக்களின் அகலம் அன்றுதான் கண்ணுக்குத் தெரியும். மெட்ரோவில் உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கினால் நீங்கள் ஏறி வருவதே பழைய ஊரின் மண்ணைத் துளைத்துக்கொண்டுதான். பாரிமுனைத் தூண், பூக்கடை இரட்டைக் கோயில்கள், காளிகாம்பாள், அர்மீனிய தேவாலயம், கந்தகோட்டம் எல்லாம் நடந்துபோகும் தூரம். அர்மீனிய தேவாலயத்து மணிகள் ஞாயிறு காலையில் ஒலிக்கும். கோட்டையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கோட்டை அருங்காட்சியகத்துக்கும் எழும்பூருக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. கோட்டை அருங்காட்சியகத்தில் காரன்வாலிஸின் பளிங்குச் சிலை பீடத்தில் திப்புவின் பிள்ளைகள் பிணைக்கைதிகளாக ஒப்படைக்கப்படும் காட்சி இருக்கிறது. ஜார்ஜ் டவுனில் நடந்துவிட்டு வந்து பார்த்தால் அந்தப் பிள்ளைகளின் முகம்தான் கண்ணில் படும், காரன்வாலிஸின் முகம் படாது.

கால் தாங்கினால் வடக்கே பழைய சிறைச்சாலைச் சாலை வரை போங்கள். லாலியின் முற்றுகைக்கும் ஹைதர் அலியின் படை நகர வாசல் வரை வந்துபோனதற்கும் பிறகு, புதிய கறுப்பர் நகரத்தைச் சுற்றிக் கம்பெனி ஒரு சுவர் எழுப்பியது. சுவருக்கான செலவைக் குடிமக்களிடம் வரியாக வசூலிக்க நினைத்தார்கள். வசூலிக்கவே முடியவில்லை. வால்டாக்ஸ் (சுவர் வரி) சாலை என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. சுவரின் கடைசித் துண்டின் மேல் இப்போது பூங்கா இருக்கிறது, மாடிப் பூங்கா என்று அழைக்கிறார்கள். முதல் ஊரை இடித்தவர்கள் இரண்டாவது ஊருக்குச் சுவர் கட்டிக் காத்தார்கள். இடித்துப் பார்த்ததில் இந்த மக்கள் இல்லாமல் தங்களுக்கு வியாபாரம் இல்லை என்று புரிந்திருக்கும்.

நீதிமன்ற வாசலை ஒட்டிய நடைபாதையிலோ மெட்ரோ நிலையத்தின் உள்சுவரிலோ பழைய ஊரின் வரைபடத்தைப் பெரிதாக வரைந்து வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. கோயில் எங்கே இருந்தது, கடைவீதி எந்தப் பக்கம், கோட்டைச் சுவர் எவ்வளவு அருகில் என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதியிருந்தால் போதும். மீதமிருக்கும் ஒற்றைத் தூணுக்குப் பக்கத்தில் அது ஏன் அங்கே நிற்கிறது என்று நாலு வரி. இதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. அடுத்த ஆகஸ்டுக்குள் செய்துவிடலாம்.